ஓப்பனிங்: ‘திறப்பு’ வேண்டாம், ‘கால்கோள்’ எப்படி?

நண்பர்களே, வணக்கம்.

சதுரங்க ஆட்டத்தின் தொடக்கத்தை ஆங்கிலத்தில் ஓப்பனிங் என்பார்கள். அதற்குத் தமிழில் ‘திறப்பு’ போதும் என்று போன மடலில் இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சனிக்கிழமைகளில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். “இன்றைக்கு ஒரு புதுத் திறப்பு பார்ப்போம்” என்றேன். பேத்தியோடு வந்திருந்த யாழ்ப்பாணத்து அம்மா, “எந்த வீட்டுத் திறப்பு தம்பி?” என்று கேட்டார். அவருக்குத் திறப்பு என்றால் சாவி.

சரி, ‘தொடக்கம்’? நல்ல சொல்தான், ஆட்டத்தின் முதற்பகுதிக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெயர் சூட்டி ஆராய்ந்து வைத்திருக்கும் நகர்த்தல் வரிசையும் ஓப்பனிங்தானே? 2024 நவம்பர் 25 அன்று இங்கே சிங்கப்பூரின் செந்தோசாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டம் நினைவிருக்கும். இந்தியாவின் குகேஷ், தம் ராஜாவின் முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். அப்போது உலகப் பட்டம் வைத்திருந்த சீனாவின் டிங் லிரென், கறுப்புக் காய்களோடு, தம் ராஜாவின் சிப்பாயை ஒரே கட்டம் வைத்தார். பிரெஞ்சுத் தற்காப்பு என்ற பெயர்பெற்ற ஓப்பனிங் வந்துவிட்டது. ‘டிங் தொடக்கத்தை நன்றாக ஆடினார்’ என்று எழுதினால், பிரெஞ்சைச் சொல்கிறோமா, முதல் பத்து நகர்த்தல்களையா?

அந்த வரிசைக்குத்தான் ‘கால்கோள்’ கேட்கிறேன். பந்தலுக்கு முதல் கால் ஊன்றுவதைக் கால்கோள் என்கிறோம். ஊன்றிய இடத்தை வைத்துத்தான் பந்தலின் வடிவம். பிரெஞ்சிலும் அப்படியே: அந்த ஒரு கட்ட நகர்த்தலால் கறுப்பின், வெள்ளைக் கட்டங்களில் மட்டும் நகரும் மந்திரி சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபடுகிறது. அதற்கு வழி தேடுவதே பல ஆட்டங்களில் கறுப்புக்குப் பெரும்பாடு. பிரெஞ்சுக் கால்கோள், ஸ்பானியக் கால்கோள்: வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நன்றாக ஒட்டுகிறது.

பிள்ளைகளுக்குக் கடினம் என்பீர்கள். இரண்டு வாரம்தான் புழங்கினேன். மூன்றாம் வாரம் பத்து வயதுப் பெண் ஒருத்தி அண்ணனின் பலகையைக் காட்டி, “அங்கிள், இது என்ன கால்கோள்?” என்றாள்.

அப்புறம், காய்கள் குறைந்துபோன ஆட்டக் கடைசிப் பகுதியான எண்ட்கேமுக்கு ‘இறுதியாட்டம்’ கூடாது. டிசம்பர் 12 அன்று நடந்த 14ஆம் ஆட்டமே அதே உலகப் பட்டப் போட்டியின் இறுதி ஆட்டம். அதன் 55ஆம் நகர்த்தலில் டிங் யானையைத் தவறாக எஃப்2 என்ற கட்டத்துக்கு இழுத்தார். யானைகளும் மந்திரிகளும் வெட்டுப்பட, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சிய நிலையில் குகேஷ் வென்றார். ‘இறுதியாட்டத்தில் பிழை’ என்றால் எந்த இறுதி? ‘கடைக்கட்டம்’ என்றாலோ சிப்பாய் ராணியாகும் கட்டம் நினைவுக்கு வரும். ‘முடிவாட்டம்’ எனக்குச் சரியாகப் படுகிறது.

பயிற்சித்தாளை அடுத்த சனிக்கிழமை அச்சடிக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.