பிள்ளை தன் கையில் தானே ஏற்படுத்திக்கொண்ட காயத்தைப் பார்த்த அந்த நிமிடம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மாடிப்படி:
பெரியவளுக்கு 14 வயது. துணி மடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பாட்டிலை எடுக்க அவள் கை நீட்டியதில் சட்டைக் கை மேலேறிவிட்டது. பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். சட்டைக் கையை இழுத்துவிட்ட அந்த வேகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "என்னடி இது?" என்று கத்தினேன். அடுத்து, "உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்றேன். அவள் வாயே திறக்கவில்லை. அப்புறம் நான்கு மாதம் என் எதிரில் முழுக்கைச் சட்டைதான். இப்போது கவுன்சிலிங் போகிறாள், தேவலாம். ஆனால் "என்ன குறை" என்று கேட்டேனே, அதுதான் தூங்கவிடாமல் உறுத்துகிறது.

கரும்பலகை:
நான் ஆசிரியர். ஒன்பதாம் வகுப்புப் பையன், எல்லோரும் போன பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே?" என்றான். "சொல்ல மாட்டேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் காட்டினான். என்னால் அதை எப்படி மறைக்க முடியும்? மறுநாள் பெற்றோரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கதவுக்கு வெளியே நின்றவன் என்னைப் பார்த்த பார்வை... "உன் பாதுகாப்புக்கு யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வடக்குவாசல்:
நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மென்மையாகத்தான் பேச வேண்டும் போலிருக்கிறது. நான் போனைப் பிடுங்கினேன், அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன், இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். மகனுக்கு இப்போது 16. அதற்கப்புறம் எதுவும் என் கண்ணில் படவில்லை. பார்க்கிறார்கள் என்றுதானே பிள்ளைகள் செய்கிறார்கள்? கண்டிப்பும் வேண்டும்.

மழைநாள்:
வடக்குவாசல் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கண்ணில் படவில்லை என்றால் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. 13 வயதிலிருந்து 17 வரை நானும் செய்தேன். யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் பாடுபட்டேன். வலி வேண்டும் என்றும் செய்யவில்லை. உள்ளே ஒரு இரைச்சல், அது கொஞ்ச நேரம் அடங்கும். அடங்கியதும் வெட்கம். வெட்கம் மறுபடி இரைச்சலாகும். கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு அதை மீறினால் வெட்கம் இன்னும் கூடத்தான் செய்யும்.

சித்திதான் முதலில் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சும் மருந்தும் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எரியுதா?" என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து, "எவ்வளவு நாளா தூக்கம் இல்ல உனக்கு?" என்றாள். அன்றுதான் நான் பேசினேன். டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவள்தான்.

தூரத்துவெளிச்சம்:
என் தம்பி. இரவு 2 மணிக்கு என் அறைக் கதவைத் தட்டி "அக்கா, கொஞ்ச நேரம் இங்க இருக்கட்டுமா?" என்றான். இருந்தான். விடிந்தது. என் கதை அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் படித்ததையும் கேட்டதையும் யாருக்காவது உதவும் என்று சொல்கிறேன்.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. பல நாட்டு ஆய்வுகளை 2014-இல் தொகுத்துப் பார்த்தபோது, வளரிளம் பருவத்தினரில் சுமார் 17 சதவீதம் பேர் ஒருமுறையாவது செய்திருந்தார்கள். 'எங்கள் வளர்ப்பில் பிழை' என்று ஒவ்வொரு வீடும் தனியாக அழ வேண்டியதில்லை. பலருக்கும் இது தாங்க முடியாத உணர்ச்சியைத் தணிக்கும் வழி, சாகும் எண்ணம் அதில் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனாலும் பின்னாளில் அந்த எண்ணம் வரும் அபாயம் இவர்களுக்குக் கூடுதல். அதனால் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் இல்லாத எண்ணம் புகுந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றே மருத்துவ உதவி, தனியே விடக் கூடாது. காயம் ஆழமென்றால் முதலில் காயத்துக்குச் சிகிச்சை. காயப்படுத்தக்கூடிய பொருள்களைச் சத்தமில்லாமல் எடுத்துவைப்பது நல்லதுதான். சோதனை போடுவது வேறு.

மார்ஷா லினஹான் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய டிபிடி என்ற பேச்சு சிகிச்சை வளரிளம் பருவத்தினருக்கும் பலன் தருகிறது. உணர்ச்சி பொங்கும் நேரத்தைத் தாண்டிப்போகும் வழிகளைப் பழக்குவது அது. குளிர்ந்த நீரில் முகம் நனைப்பதும் அதில் ஒன்று. 17 வயதில் மருத்துவமனையில் இருந்தபோது தானும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டதாக அவரே 2011-இல் வெளியே சொன்னார். தம்பிக்கு அதைப் படித்துக்காட்டினேன். "அவங்களுமா?" என்று எழுந்து உட்கார்ந்தான்.

இன்னொன்று: ஒருநாள் மறுபடி நடந்தால் எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இடைவெளி நீண்டுகொண்டே போகிறதா என்று பாருங்கள்.

வடக்குவாசல்:
அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் கையெழுத்து கோணலாக இருக்கிறது. அன்று கவனிக்கவில்லை. நாளைக்கு என்னவென்று பேச்சை ஆரம்பிப்பது?

மழைநாள்:
"தூக்கம் வருதா?" என்று கேளுங்கள் அண்ணா.

மாடிப்படி:
நேற்று இரவு அவள் அறை வாசலில் நின்று, "அன்னைக்கு நான் கேட்டது தப்பு" என்றேன். "என்னைக்கு?" என்றாள். அவளுக்குத் தெரியும், தெரிந்தேதான் கேட்டாள். நான் கத்தியதை அப்படியே முழுதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் போர்வை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் "சரி" என்றாள், விளக்கை அணைக்கச் சொன்னாள். கதவைச் சாத்தப் போனபோது, "திறந்தே இருக்கட்டும்மா" என்றாள்.