புது பேஸ் கிட்டாரில் நெக் ஓரம் கோடு: குளூ விடுவதா, திருப்பிக் கொடுப்பதா?

நான்குதந்தி: "நெக் பாக்கெட் (பாடியில் நெக் உட்காரும் குழி) மூலையில் முடி மாதிரி கோடு தெரிந்தால் பயப்படாதீர்கள், ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டுத் தேய்த்தால் போதும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. கோடு பெயிண்டிலா, மரத்திலா? அதைப் பார்க்காமல் குளூ விடச் சொல்வது என்ன அறிவுரை?

பேஸ்பித்தன்: எழுதியது நான்தான். ஸ்க்ரூ போட்டு நெக்கை மாட்டும் பேஸில் இது சகஜம். பாலி கோட்டிங் (பாடி மேல் பூசும் பிளாஸ்டிக் மாதிரியான பூச்சு) விறைப்பானது. ஈரப்பதம் ஏறி இறங்கும்போது மரம் உப்பும், சுருங்கும். மூலையில் கோடு விழும். சத்தம் இம்மியும் மாறாது.

நான்குதந்தி: சகஜம் என்று எனக்கும் தெரியும். பெயிண்டா, மரமா? தந்தியைத் தளர்த்தி, பின்னால் இருக்கும் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, பாக்கெட்டின் உள்சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெறும் மரத்திலும் கோடு ஓடினால் அது விரிசல். விரிசலைக் குளூவால் மூடி மறைத்துவிட்டு யாரிடம் போய் நியாயம் கேட்பீர்கள்?

கடைப்பக்கம்: வீட்டில் ஸ்க்ரூவைக் கழற்றினால் கடைக்காரர் உங்கள் தலையிலேயே பழியைப் போடுவார். முதலில் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மாற்றித் தரட்டும், இல்லை விலையைக் குறைக்கட்டும்.

நான்குதந்தி: சரி, கடையிலேயே அவர்கள் கையால் கழற்றச் சொல்லுங்கள். பார்க்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

பேஸ்பித்தன்: பேஸ் மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டே (நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) இல்லாமல், எபாக்ஸி பிசின் பூசிய விரல் பலகையில் வாசித்தார். உங்களுக்கு ஒரு கோட்டுக்கே ஒப்பாரி.

நான்குதந்தி: அது அவருடைய பழைய பேஸ், அவர் விரும்பிச் செய்தது. நான் புதுசுக்கு முழு விலை கொடுத்திருக்கிறேன். பெயிண்டா, மரமா? இன்னும் பதில் வரவில்லை. முன்பு இங்கே நடந்த ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய) தந்தி விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் நழுவினீர்கள்.

பேஸ்பித்தன்: அங்கே நழுவியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அடித்தந்தி: பாடி விளிம்பில் சின்னதாகப் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் குளூ சரிதானே?

நான்குதந்தி: பாலி கோட்டிங் என்றால் சரி. பல்குச்சி முனையால் சொட்டு வைத்து, மேடாக நிற்கும்படி விட்டு, ஒரு நாள் காய விடுங்கள். பிளேடின் இரண்டு ஓரத்திலும் டேப் ஒட்டி, நடுப்பகுதியால் மட்டும் மேட்டைச் சுரண்டுங்கள். அப்புறம் 1500, 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து பாலிஷ். நைட்ரோ லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு) என்றால் குளூவைத் தொடவே தொடாதீர்கள்.

பேஸ்பித்தன்: 1500 போதும். 2000 வீண் செலவு.

நான்குதந்தி: கறுப்பு பாடியில் 1500-உடன் நிறுத்திப் பாருங்கள். பாலிஷ் போட்ட பிறகும் வெயிலில் பிடித்தால் தேய்த்த தடம் அத்தனையும் தெரியும்.

பேஸ்பித்தன்: என்னுடையது கறுப்புதான். ஒரு தடமும் இல்லை.

நான்குதந்தி: போட்டோ போடுங்கள். வெயிலில் எடுத்தது.