எட்டுப் பேரிலிருந்து இத்தனை மனிதர்களா? ஜோடி மிருகங்களிலிருந்து இத்தனை இனங்களா?

கேள்விக்குறி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஆதியாகமம் 6 முதல் 9 வரை படித்தோம். ஜலப்பிரளயத்தில் நோவா குடும்பத்தின் எட்டுப் பேர் மட்டும் பிழைத்தார்கள் என்றால் ஆப்பிரிக்கர், சீனர், ஐரோப்பியர், நாம் எல்லாருமே சேம், காம், யாப்பேத் மூவரின் வழிதான். மிருகங்களும் பேழையில் ஏறியவற்றின் வாரிசுகள்தான். நாலாயிரம் சொச்சம் வருடத்துக்குள் இவ்வளவு வகை எப்படி வந்தது என்று கேட்டேன். கூட்டம் நடத்திய அண்ணன் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் இங்கே கேட்டு வைக்கிறேன். கிண்டல் வேண்டாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேழைக்காரன்:
நல்ல கேள்வி தம்பி. முதலில் இடக் கணக்கு. பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். முழத்துக்கு ஒன்றரை அடி வைத்தாலே 450 அடி நீளம். அமெரிக்காவின் கென்டக்கியில் 2016-இல் மரத்தில் கட்டியே காட்டியிருக்கிறார்கள். பெரிய முழம் வைத்து 510 அடி வந்திருக்கிறது.

அடுத்தது, இன்றைய இனம் ஒவ்வொன்றும் ஏறவில்லை. வேதம் சொல்வது "ஜாதி". ஓநாய், நரி, நாய் எல்லாம் ஒரு ஜாதி. சிங்கம், புலி, சிறுத்தை, வீட்டுப் பூனை இன்னொரு ஜாதி. சிங்கத்துக்கும் புலிக்கும் சேர்த்துவிட்டால் குட்டி பிறக்கிறதே! அந்தக் கென்டக்கிக்காரர்கள் கணக்கில் ஏறியவை சுமார் 1,400 ஜாதி, மொத்தம் 7,000-க்கும் குறைவான உயிர்கள். மீனுக்கும் திமிங்கிலத்துக்கும் பேழையே தேவையில்லை.

மனிதரைப் பற்றி அப்போஸ்தலர் 17:26 "ஒரே இரத்தத்தினாலே" என்கிறது. எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் மரபணு ஏறக்குறைய 99.9% ஒன்றுதான் என்று இன்றைய அறிவியலும் சொல்கிறது. மாநிறமான அப்பா அம்மாவுக்கு ஒரு பிள்ளை சிவப்பாகவும் ஒரு பிள்ளை கறுப்பாகவும் பிறப்பதை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். பாபேல் கோபுரத்தில் மொழி குழம்பிக் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து போனபோது ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொரு சாயல் நிலைத்துவிட்டது. அவ்வளவுதான்.

வெட்டிப்பேச்சு:
எட்டுப் பேர் சேர்ந்து ஏழாயிரம் மிருகத்துக்குச் சாணி அள்ளியிருக்கிறார்கள். ஒரு வருடம். அதுதான் என்னைப் பொறுத்தவரை அற்புதம்.

தவளைக்குளம்:
கிண்டல் வேண்டாம் என்று பையன் கேட்டிருக்கிறான், விடுங்கள்.

பேழைக்காரன் சார், மனிதர் எல்லாரும் ஒரே குடும்பம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. விலங்கியல் வகுப்பில் நானே அதைத்தான் சொல்கிறேன். ஆனால் உங்கள் "ஜாதி" கணக்கின் விலை என்னவென்று பாருங்கள். இன்று தரையிலும் மரத்திலும் வானத்திலும் வாழும் முதுகெலும்புள்ள இனங்கள் 30,000-க்கும் மேல். 1,400-இலிருந்து இத்தனை வர வேண்டும். அழிந்துபோன மாமூத் யானை, குகைக்கரடி எல்லாம் தனி. எந்தப் பரிணாமப் புத்தகமும் சொல்லாத வேகம் இது. டார்வினை மறுக்கப் போய் டார்வினைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமான பரிணாமத்தை நீங்களே கேட்கிறீர்கள்.

அந்த 4,300 வருடமும் முழுசாக உங்களுக்குக் கிடைக்காது. ஆதியாகமம் 11-இல் உள்ள வயதுகளைக் கூட்டிப் பாருங்கள். பிரளயத்துக்கும் ஆபிரகாமுக்கும் நடுவே ஏறக்குறைய 400 வருடம்தான். சேமே ஆபிரகாம் காலத்தில் உயிரோடு இருந்திருக்கிறார்! 15-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் பலிக்குக் கொண்டுவருவது கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. வெள்ளாடும் செம்மறியும் தனித்தனி, காட்டுப்புறாவும் மாடப்புறாவும் தனித்தனி. அப்படியானால் பிரிய வேண்டியதெல்லாம் அந்த 400 வருடத்துக்குள் பிரிந்து முடிந்திருக்க வேண்டும். யானை 22 மாதம் சுமந்து ஒரு குட்டி போடும், அது பருவத்துக்கு வரப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும். 400 வருடத்தில் எத்தனை தலைமுறை வரும்?

எகிப்தையும் பாருங்கள். பாதிரியார் அஷர் போட்ட கணக்குப்படி பிரளயம் கி.மு. 2349-48. அந்தக் காலத்தை ஒட்டித்தான் சக்காராவில் மெரெருகா என்ற மந்திரியின் கல்லறை கட்டப்பட்டது. சுவரில் நீர்யானை, முதலை, விதவிதமான மான் வகைகள் எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு கழுதைப்புலியை மல்லாக்கப் படுக்கவைத்து, காலைக் கட்டி, வாயில் தீனி திணிக்கிற காட்சிகூட உண்டு. பார்த்தவுடன் கழுதைப்புலி என்று சொல்லிவிடலாம், அதன் மூதாதை மாதிரி ஏதோ ஒன்று என்று சொல்ல முடியாது. ஐந்தாம் வம்சம் முடிந்து ஆறாம் வம்சம் வருகிறது, நடுவில் வெள்ளத்துக்கான இடைவெளி எதுவும் இல்லை.

பேழைக்காரன்:
டீச்சர், எகிப்தியக் காலக்கணக்கு கல்லில் எழுதிய சட்டம் கிடையாது. அஷர் கணக்கும் வேதவாக்கு கிடையாது. பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த்தில் வயதுகள் கூடுதல். அதன்படி பிரளயம் இன்னும் பல நூறு வருடம் முன்னால் போகும்.

வேகம் என்கிறீர்கள். உங்கள் ஆட்களே சொல்வதைச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் ஐந்நூறு போல சிக்லிட் மீன் இனங்கள், வயது 15,000 வருடம்தான் என்கிறார்கள். நாய் ஒன்றே போதும். குட்டி நாயான சிவாவாவையும் பெரிய நாயான கிரேட் டேனையும் எலும்பாகத் தோண்டி எடுத்தால் இரண்டையும் ஒரே இனம் என்று சொல்வீர்களா? இந்த நாய் வகைகளில் பாதிக்கு மேல் கடந்த 200 வருடத்துச் சரக்கு.

தவளைக்குளம்:
சொல்லமாட்டோம் என்பது உண்மைதான். ஆனால் இரண்டும் இன்னும் ஒரே இனம்தான், மரபணுவில் பக்கத்துப் பக்கத்து வீடு. குதிரை, கழுதை, வரிக்குதிரையை எடுங்கள். உங்கள் கணக்கில் ஒரே ஜாதி. குதிரைக்கு 64 குரோமோசோம் (மரபணுக்கள் அடங்கிய இழை), கழுதைக்கு 62, சமவெளி வரிக்குதிரைக்கு 44. ஆள் வைத்துப் பொறுக்கி இணை சேர்த்ததால் வந்த வேறுபாடு இல்லை இது.

சிக்லிட் மீன் நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பேழையில் ஏறவில்லையே! ஏரிக்குள் வந்தபோதே கலப்பினால் ஏகப்பட்ட மரபணு வேறுபாட்டோடு பெரும் கூட்டமாக வந்தது. நீங்கள் தொடங்குவது பெரும்பாலான ஜாதிகளில் ஒரு ஜோடியில். ஒரு ஜோடியில் எந்த மரபணுவுக்கும் அதிகபட்சம் நாலு வடிவம்தான் இருக்க முடியும்.

ஒரு உயிரினம் அப்படி ஒடுங்கிப் போனால் எப்படி இருக்கும் என்பதற்கு வேறெங்கும் தேட வேண்டாம், சிவிங்கிப்புலி இருக்கிறது. 1980-களில் உறவில்லாத இரண்டு சிவிங்கிப்புலிகளுக்குள் தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். உடல் அதை வேற்றுத் தோல் என்று உடனே தள்ளவில்லை. பெரும்பாலான மிருகங்கள் ஒரே ஜோடி வழியாக வந்திருந்தால் அவையெல்லாம் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அது அபூர்வம் என்பதால்தானே ஆராய்ச்சி செய்தார்கள்?

பேழைக்காரன்:
மொரீஷியஸ் வல்லூறு 1974-இல் வெறும் நாலு பறவை. இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஒடுங்கினால் அழியும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

தவளைக்குளம்:
எண்ணிக்கை திரும்பியது, வேறுபாடு திரும்பவில்லை. அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய வல்லூறுகளோடு ஒப்பிட்டே பார்த்துவிட்டார்கள். பல்வேறு இனமாகப் பிரியவும் இல்லை.

பழையகோயில்:
தம்பி, நான் கத்தோலிக்கன். சண்டையில் நடுவே வருவதற்கு மன்னிக்கவும். இந்தக் கேள்வி உனக்கு மட்டும் வந்ததில்லை. புனித அகுஸ்தினாரே, தூரத்துத் தீவுகளுக்கு ஓநாய் எல்லாம் வெள்ளத்துக்குப் பிறகு எப்படிப் போயின என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நீந்திப் போயிருக்கலாம், மனிதர் கொண்டுபோயிருக்கலாம், தேவதூதர் கொண்டுபோயிருக்கலாம் என்றெல்லாம் எழுதினார். பெரு நாட்டில் இருந்த அகோஸ்தா என்ற சேசு சபைக் குருவுக்கு 1590-இல் இன்னும் பெரிய தலைவலி. லாமா மாதிரி மிருகங்கள் பேழையிலிருந்து வந்திருந்தால் அவை ஏன் அங்கே மட்டும் இருக்கின்றன, வழியில் எங்கும் ஏன் ஒன்றுகூடத் தங்கவில்லை என்று கேட்டார்.

என் கருத்து, இது மெசப்பொத்தாமிய (இன்றைய ஈராக்) வெள்ளத்தை வைத்துச் சொன்ன இறையியல் கதை. 1872-இல் ஜார்ஜ் ஸ்மித் நினிவேயின் களிமண் பலகையைப் படித்தபோது அதிலும் படகு, மலையில் தட்டி நிற்பது, புறாவும் காகமும் விடுவது எல்லாம் இருந்தது. 1929-இல் அங்கே 'ஊர்' என்ற பெயருள்ள பழைய நகரத்தைத் தோண்டிய லெனார்ட் வூலி பல அடி கனத்துக்கு வண்டல் கண்டார். ஒரு பெரிய வட்டார வெள்ளம் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்கிறது.

பேழைக்காரன்:
ஐயா, வட்டார வெள்ளம் என்றால் பேழை எதற்கு? நூறு வருடம் உட்கார்ந்து கப்பல் கட்டுவதை விட்டு நோவா பக்கத்து நாட்டுக்கு நடந்து போயிருக்கலாமே. பறவைகளை ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை. வானத்தின் கீழ் உள்ள உயர்ந்த மலைகள் எல்லாம் மூடப்பட்டன என்று 7:19 சொல்கிறது.

தவளைக்குளம்:
இதில் நான் பேழைக்காரன் சார் கட்சி. வூலியின் வண்டல் பக்கத்து ஊர்கள் பலவற்றில் இல்லவும் இல்லை. கதை உலகம் முழுவதையும்தான் சொல்கிறது. உண்மையா என்பது வேறு கேள்வி.

பழையகோயில்:
அதனால்தான் டீச்சர் கதை என்கிறேன், அறிக்கை என்று சொல்லவில்லை. நேரடி வரலாறாகப் படித்தவர்கள் இதே பகுதியை வைத்து என்ன செய்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். நோவா சபித்தது கானானை. அதை காமின் சாபமாக்கி, காம் என்றால் ஆப்பிரிக்கர் என்று ஆக்கி, அடிமை வியாபாரத்துக்கு வேத ஆதாரம் காட்டினார்கள். 1861-இல் பிரிந்துபோன அமெரிக்கத் தென்மாநிலங்களின் துணை அதிபர் ஸ்டீபன்ஸ் மேடையிலேயே கானானின் சாபத்தை இழுத்தார்.

பேழைக்காரன்:
அது வேதத்தைப் புரட்டியவர்களின் பாவம். "ஒரே இரத்தம்" என்று இருக்கும்போது இனவெறிக்கு இடமே இல்லை. அப்புறம் டீச்சர், கங்காரு ஆஸ்திரேலியாவுக்கு எப்படிப் போனது என்று நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். பிரளயத்துக்குப் பின் பனியுகம், கடல் மட்டம் தாழ்ந்து தரைப்பாலம். மீதியை மிதக்கும் மரக்குவியல்கள் பார்த்துக்கொண்டன. 1995 புயலுக்குப் பின் பதினைந்து உடும்பு போன்ற பச்சை இகுவானாக்கள் மரத்தில் மிதந்து கரீபியன் கடலின் அங்குயில்லா தீவில் இறங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து தென் அமெரிக்காவுக்குக் குரங்கு மிதந்து போனது என்று நீங்களே பாடம் நடத்துகிறீர்கள்.

தவளைக்குளம்:
நடத்துகிறோம், கோடிக்கணக்கான வருடத்தில் அப்படி அரிதாக நடந்தது என்று. இங்கே விஷயம் வேறு. கடல் 120 மீட்டர் தாழ்ந்தபோதும் இந்தோனேசியாவின் பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே இருக்கும் ஆழமான ஜலசந்தி வற்றவில்லை. 35 கிலோமீட்டர்தான் அகலம், ஆனால் விலங்கியலாளர் வாலஸ் அதைப் பார்த்துத்தான் ஆசிய மிருகங்களுக்கும் ஆஸ்திரேலிய மிருகங்களுக்கும் நடுவே எல்லைக் கோடு போட்டார். மனிதன் கொண்டுபோகும்வரை ஆஸ்திரேலியாவில் குரங்கு இல்லை, மான் இல்லை, பூனை இல்லை. பேழை தங்கிய அராரத் மலையிலிருந்து கங்காருவும் வொம்பாட்டும் கோவாலாவும் மட்டும் சொல்லிவைத்ததுபோல அங்கே போய்ச் சேர்ந்தனவா? யூகலிப்டஸ் இலையைத் தவிர எதையும் அவ்வளவாகத் தொடாத, ஒரு நாளில் முக்கால்வாசி தூங்கும் கோவாலா துருக்கியிலிருந்து கிளம்பி வழியில் எதைத் தின்றது? அதே ஆஸ்திரேலியாவில்தான் காண்டாமிருக அளவுள்ள டைப்ரோடோடான் என்ற வொம்பாட் உறவின் எலும்புகளும் கிடைக்கின்றன. வழியில் இந்தியாவிலோ ஈரானிலோ ஒரு கங்காரு எலும்பும் இல்லை. அகோஸ்தா கேட்டது அதைத்தான்.

கேள்விக்குறி:
மனிதர்களைப் பற்றியும் சொல்லுங்கள் டீச்சர். நான் முக்கியமாகக் கேட்டது அதுதான்.

தவளைக்குளம்:
சொல்கிறேன் தம்பி. எலும்பு மஜ்ஜை தானத்துக்குப் பொருத்தம் கிடைக்காமல் குடும்பங்கள் அலைவதைக் கேள்விப்பட்டிருப்பாய். அந்தப் பொருத்தத்தை முடிவு செய்யும் எச்எல்ஏ மரபணுக்களில் ஒன்றான 'பி'-க்கு மட்டும் மனிதரிடையே ஆயிரக்கணக்கில் வடிவங்கள் உண்டு. பேழையில் எத்தனை இருந்திருக்கும்? மகன்களுடையது அப்பா அம்மாவிடமிருந்து வந்தது. ஆக நோவா, மனைவி, மூன்று மருமகள், ஐந்து பேர். ஆளுக்கு இரண்டு, அதிகபட்சம் பத்து. பத்திலிருந்து ஆயிரங்கள், அதுவும் 170 தலைமுறை போல.

பேழைக்காரன்:
எச்எல்ஏ-யில் துண்டு துண்டாக மாறிக்கொள்வதால் புது வடிவம் சீக்கிரம் பிறக்கும், இது உங்கள் இலக்கியத்திலேயே உண்டு. தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வை எடுங்கள். 1997-இல் குடும்பங்களில் நேராக அளந்து, மாற்றம் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வேகம் என்று கண்டார்கள். அந்த வேகத்தில் போட்டால் ஏவாளுக்கு 6,000 சொச்சம் வருடம்தான். எங்கள் தரப்பில் சிலர் எம், என், ஆர் என்ற மூன்று பெரிய தாய்வழிக் கிளைகளும் மூன்று மருமகள்கள்தான் என்கிறார்கள்.

தவளைக்குளம்:
சீக்கிரம் பிறக்கும் என்பது சரி, ஆனால் பத்தை ஆயிரங்களாக்கும் அளவுக்கு இல்லை. அந்த 1997 அளவு, அடிக்கடி மாறி மாறித் திரும்பும் ஒரு சின்னப் பகுதியில் எடுத்தது. பிறக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை பரவாமலே போய்விடும். சரி, காலத்தை விடுங்கள், நீங்கள் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள். கிளை எப்படிப் பிரிகிறது என்பதை மட்டும் பாருங்கள். அதற்கு வருடம் தேவையில்லை.

ஆர் என்பது என்-இன் மகள். எம்மும் என்னும் ஆப்பிரிக்காவின் எல்3 என்ற கிளைக்கு மகள்கள். தென்னிந்தியரில் பெரும்பாலோர் எம் கிளை, அதாவது நாமும் எல்3-க்குள்தான் வருகிறோம். எல்0, எல்1 எல்லாம் அதற்கு முன்பே பிரிந்தவை, ஆப்பிரிக்காவிலேயே இருப்பவை. அக்காள் தங்கையும் அவர்களில் ஒருத்தியின் மகளும் நிற்கும்போது மூன்று பேரையும் ஓரகத்திகள் என்று எப்படிச் சொல்வது?

அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோமில் இன்னும் தெளிவு. மூன்று மகன்களுக்கும் நோவாவினுடையதுதான். 2013-இல் அறிவித்த ஏ00 என்ற கிளை, கேமரூனில் இருக்கிறது. அது மற்ற எல்லா ஆண்களிடமிருந்தும் எல்லாருக்கும் முன்னால் பிரிந்தது. எல்லாரும் அராரத்திலிருந்து பரவியிருந்தால் வேறுபாடு அந்தப் பக்கம் அதிகமாகவும் தூரம் போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். குறைவது உண்மைதான், ஆனால் ஆரம்பம் ஆப்பிரிக்கா. அங்கிருந்து மேற்கு ஆசியா, கிழக்கு ஆசியா, கடைசியில் தென் அமெரிக்கப் பழங்குடிகளிடம் எல்லாவற்றிலும் குறைவு.

பேழைக்காரன்:
மரத்தின் வேரை எங்கே வைப்பது என்பதிலேயே உங்கள் அனுமானம் இருக்கிறது டீச்சர். சிம்பன்சியை உறவாக வைத்துத்தான் ஆப்பிரிக்காவில் வேர் வைக்கிறீர்கள். நான் அதை ஏற்கவில்லை என்றால்?

தவளைக்குளம்:
சிம்பன்சியை எடுத்துவிடுங்கள். நியாண்டர்தால் என்ற பழங்கால மனிதரை வையுங்கள், உங்கள் தரப்பே அவர்களை நோவாவின் சந்ததி என்கிறதே. அவர்களின் எலும்பிலிருந்து எடுத்த மைட்டோகாண்ட்ரியா, இன்று உயிரோடிருக்கும் எந்த மனிதரின் கிளைக்குள்ளும் வரவில்லை, எல்0-க்கும் வெளியே நிற்கிறது. அப்படியானால் நாலாவது மருமகள் யார்?

வெட்டிப்பேச்சு:
இதைத்தான் நான் சாணி அள்ளும்போதே கேட்க நினைத்தேன்.

பேழைக்காரன்:
நியாண்டர்தாலுக்குத் தனியாக எழுதுகிறேன். பழைய எலும்பு டிஎன்ஏ சிதைவது பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. தம்பி, அதுவரை உங்கள் கூட்டத்து அண்ணனிடம் ஆதியாகமம் 10-ஐயும் சேர்த்துப் படிக்கச் சொல்.

கேள்விக்குறி:
சொல்கிறேன் அண்ணே. 15-ஆம் அதிகாரத்துப் புறா விஷயத்தையும் அவரிடம் கேட்கப் போகிறேன், அதற்கு இங்கே இன்னும் பதில் வரவில்லை.