‘சரஸ்வதி இல்லம்’ குழு: நிலாவின் டிக்கெட்

சனி, மே 16, 2026 (மதுரை நேரம்)

மாலை 6:42

மாலதி: எல்லாரும் இருக்கிறீர்களா? நிலாவுக்குக் கால்பந்து கிளப்பின் மேல் அணியில் இடம் கிடைத்துவிட்டது.

உஷா: அடி சக்கை! வாழ்த்துகள் நிலாக்குட்டி

கீதா: சூப்பர் மதினி

பாபு: வாழ்த்துகள். ஜூலையில் மதுரை வர டிக்கெட் போட்டாயிற்றா அக்கா?

மாலதி: அதுதான் விஷயம். அந்த அணி ஜூலை 3 முதல் 8 வரை வெளியூரில் ஆடுகிறது. திங்கள் இரவுக்குள் முன்பணம் கட்ட வேண்டும். கட்டினால் எல்லா ஆட்டத்துக்கும் வருவோம் என்று கையெழுத்தும் கேட்கிறார்கள்.

பாபு: ஜூலை 5 அப்பாவின் சதாபிஷேகம்.

மாலதி: தெரியும் பாபு.

பாபு: மண்டபத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. 17ஆம் தேதி ஆடி பிறந்துவிடும், தள்ளவும் முடியாது.

ரவி: நான் நிலாவோடு இங்கே டெக்சஸிலேயே இருக்கிறேன், மாலதி மட்டும் வரட்டும் என்று ஒரு யோசனை.

பாபு: வீட்டு மாப்பிள்ளை இல்லாமல் சதாபிஷேகமா அத்தான்?

கீதா: மதினி, அத்தைக்குப் பட்டு என்ன கலர்? கடையில்தான் நிற்கிறேன்.

மாலை 6:58

செல்வம்: மாலதி, பணத்தைக் கட்டு. ஏன் என்று சொல்கிறேன், எல்லாரும் பொறுமையாகப் படியுங்கள். 1993-ல் நான் நியூஜெர்சி நூவர்க்கில் படிக்க வந்தபோது இந்த ஊரில் கால்பந்து பேச ஆள் கிடையாது. மறு வருடம் உலகக் கோப்பை இங்கே நடந்தது. ஜூன் 18, ஜயண்ட்ஸ் ஸ்டேடியம், அயர்லாந்தும் இத்தாலியும். அறைத்தோழன் எங்கிருந்தோ இரண்டு டிக்கெட் வாங்கி வந்தான். 11ஆவது நிமிடம் ரே ஹவ்டன் தூரத்திலிருந்து தூக்கிப் போட்டார், கீப்பர் தலைக்கு மேலே போய் இறங்கியது. அந்த ஒரே கோல்தான். 70,000 பேருக்கு மேல், பாதிக்கு மேல் பச்சைச் சட்டை. அந்த ஸ்டேடியத்தை இடித்துவிட்டார்கள். அதற்குப் பக்கத்திலேயே கட்டியதில்தான் வரும் ஜூலை 19 இறுதியாட்டம். என் வீட்டிலிருந்து அரை மணி நேரம்.

உஷா: இது நூறாவது தடவை

செல்வம்: நிலா கேட்டதில்லையே. கோப்பையை இங்கே நடத்த வேண்டுமானால் ஒரு தொழில்முறை லீக் தொடங்க வேண்டும் என்று ஃபிஃபா நிபந்தனை போட்டது. அப்படித்தான் 1996-ல் 10 அணிகளோடு எம்எல்எஸ் வந்தது. இன்று 30 அணிகள். 2023-ல் மெஸ்ஸி வந்தார். ஒரே வாழ்நாளில் இவ்வளவையும் பார்த்திருக்கிறேன்.

பாபு: மெஸ்ஸி என்றதும் நினைவு வருகிறது. சின்னவன் மயாமி பிங்க் ஜெர்ஸி கேட்கிறான். 12 வயது சைஸ்.

கீதா: 14 வாங்கச் சொல்லுங்கள், வளர்கிறான்

கார்த்திக்: அப்பா, இது ஆண்கள் கதை. அத்தை கேட்டது நிலாவைப் பற்றி.

செல்வம்: வருகிறேன். பெண்கள் கதைதான் பெரியது. 1972-ல் டைட்டில் நைன் என்று ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசுப் பணம் வாங்கும் பள்ளி, கல்லூரி எதிலும் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்பதுதான் அது. அந்தச் சட்ட வரியில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் பையன்களுக்கு அணி வைத்த கல்லூரிகள் பெண்களுக்கும் வைக்க வேண்டியதாயிற்று. அதே காலத்தில் மற்ற நாடுகள் என்ன செய்தன? இங்கிலாந்தில் கால்பந்துச் சங்க மைதானங்களில் பெண்கள் ஆட 1921-ல் போட்ட தடையே சுமார் 50 வருடம் கழித்துத்தான் நீங்கியது. இங்கே ஒரு தலைமுறை முந்திக்கொண்டது. 1991, 1999, 2015, 2019 என்று நான்கு உலகக் கோப்பை, ஐந்து ஒலிம்பிக் தங்கம். ஆண்கள் அணி 1930-க்குப் பிறகு இத்தனை வருடத்தில் 2002-ல் காலிறுதி வரை போனதுதான்.

ரவி: எங்கள் ஃபிரிஸ்கோவிலேயே கால்பந்து அருங்காட்சியகம் இருக்கிறது மச்சான். நிலா மூன்று தடவை போய்விட்டாள்.

செல்வம்: அப்படியானால் 1999 அவளுக்குத் தெரிந்திருக்கும். ரோஸ் பௌல் ஸ்டேடியத்தில் 90,185 பேர். சீனாவோடு பெனால்டி வரை போனது, பிராண்டி சாஸ்டைன் அடித்த கடைசிப் பந்து. அவ்வளவு கூட்டம் பார்த்தும் பெண்கள் லீக் நிலைக்கவில்லை. 2001-ல் தொடங்கிய முதல் லீக் 2003-ல் மூடியது. அடுத்தது 2009-ல் வந்து 2012-ல் போயிற்று. மூன்றாவது, 2013-ல் 8 அணிகளோடு தொடங்கியதுதான் நின்றது. இப்போது 16. கேன்சஸ் சிட்டியில் 2024-ல் 11,500 இருக்கையோடு பெண்கள் கிளப் அணி ஒன்றுக்கென்றே தனி ஸ்டேடியம் கட்டினார்கள். இரண்டு தடவை மூடிய கடையை மூன்றாம் தடவை திறந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

பாபு: அண்ணா, எல்லாம் சரி. 5ஆம் தேதி?

மாலை 7:21

பாபு: அறுபதாம் கல்யாணத்துக்கும் நீங்கள் வரவில்லை. 2006.

செல்வம்: விசா கையில் இல்லை பாபு. வெளியே போயிருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது.

பாபு: குறை சொல்லவில்லை. அப்பா அன்று போட்டோ எடுக்கும்போது உங்களுக்கு இடம் விட்டு நின்றார். அதைத்தான் சொல்கிறேன்.

செல்வம்: எனக்குத் தெரியாது.

பாபு: யாரும் சொல்லவில்லை.

உஷா: இந்தத் தடவை நாங்கள் மூவரும் வருகிறோம், ஜூன் 28 விமானம். அதில் மாற்றம் இல்லை.

ரவி: இங்கே டிக்கெட் விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பக்கத்து ஆர்லிங்டனில் மட்டும் உலகக் கோப்பையில் 9 ஆட்டம், அதில் ஜூலை 14 அரையிறுதியும் ஒன்று. ஊரே நிரம்பப் போகிறது.

கீதா: மதினி, கலர்

மாலதி: அரக்கு. இல்லை, அம்மாவையே கேள்.

கார்த்திக்: ஒன்று சொல்லலாமா? எனக்கும் இதே மாதிரி கடிதம் வந்தது. 15 வயதில்.

கார்த்திக்: 2017. அந்த அக்டோபரில்தான் அமெரிக்கா டிரினிடாடிடம் 2-1 என்று தோற்று, ரஷ்யா உலகக் கோப்பைக்கே போக முடியாமல் போனது. ‘இந்த நாட்டில் இந்த ஆட்டத்துக்கு எதிர்காலமே இல்லை, படிப்பைப் பார்’ என்று சொன்னீர்கள் அப்பா.

[செல்வம் ஒரு செய்தியை நீக்கினார்]

மாலதி: கார்த்தி, கண்ணா

மாலை 7:40

செல்வம்: நீ சொல்வது உண்மை. அந்தக் கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஓர் இரவு ஆட்டத்தை வைத்து உன் ஆசையை முடித்துவிட்டேன். நான் செய்தது தவறு. நிலாவுக்கு அதே தவறு நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

கார்த்திக்: சரி அப்பா.

கார்த்திக்: ஆனால் நிலா முழுவதும் தெரிந்துகொண்டு போகட்டும். அத்தை, வருடக் கட்டணம் எவ்வளவு?

மாலதி: 4,800 டாலர். விமானம், ஹோட்டல் தனி.

பாபு: நான்கு லட்சத்துக்கு மேலே! பந்து உதைக்கவா?

கார்த்திக்: இதுதான் இந்த நாட்டின் பெரிய குறை சித்தப்பா. ஐரோப்பாவில் திறமையான பையனை கிளப்பே எடுத்து வளர்க்கும். இங்கே பெற்றோர் பணம் கட்ட வேண்டும். எங்கள் அணியில் ஒரு மெக்ஸிகோ பையன் இருந்தான், எல்லாரையும்விட நன்றாக ஆடுவான். அவன் அப்பாவுக்குக் கூரை வேலை. இரண்டாம் வருடம் அவன் வரவில்லை. எங்களுக்குப் பணம் இருந்தது, நான் நின்றேன். அவனுக்கு ஆட்டம் இருந்தது, பணம் இல்லை. இப்படி எத்தனை பேரை இழந்துவிட்டு, ஆண்கள் அணி ஏன் காலிறுதியைத் தாண்டவில்லை என்று கேட்கிறோம்.

ரவி: எம்எல்எஸ் அணிகளின் அகாடமியில் பெரும்பாலும் பணம் வாங்குவதில்லையே?

கார்த்திக்: பையன்களுக்கு. இடமும் கொஞ்சம். பெண்களுக்கு அப்படி இலவச அகாடமி மிகவும் குறைவு. ஸ்காலர்ஷிப் கணக்கும் போடாதீர்கள். போன வருடம் வந்த விதிப்படி பெரிய கல்லூரிகளில் அணிக்கு 28 பேர்தான். பலருக்குப் பாதிச் சலுகை, சிலருக்கு ஒன்றும் கிடையாது. மேல் மட்டத்திலும் கீழே இறங்கும் பயம் எந்த அணிக்கும் கிடையாது. கடைசி இடத்தில் வந்தாலும் அடுத்த வருடம் அதே லீக்.

செல்வம்: மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்க அணியின் நயோமி கிர்மாவைப் பாருங்கள். பெற்றோர் எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்கள். சான் ஹோசேயில் அங்கிருந்து வந்த குடும்பங்கள் வார இறுதியில் கூடி ஆட அவள் அப்பா ஒரு குழு நடத்தினார். அதில்தான் அவள் பந்தைத் தொட்டாள். ஸ்டான்ஃபோர்டில் படித்தாள். 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்ஸி கிளப் அவளை 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. பெண்கள் ஆட்டத்தில் அந்தத் தொகையைத் தாண்டிய முதல் ஆள், அதுவும் டிஃபன்ஸ் ஆடுகிறவள். நம் ஊர்க்காரர்கள் இங்கே எடிசனில் இத்தனை பேர் இருக்கிறோம். சனிக்கிழமை கிரிக்கெட் வைக்கிறோம். பெண் பிள்ளைகளுக்கு ஒரு பந்து வாங்கிப் போட்டோமா? வரும் ஆகஸ்டில் நான் தொடங்கப் போகிறேன், கட்டணம் இல்லாமல்.

உஷா: எனக்கே இப்போதுதான் தெரிகிறது

கார்த்திக்: கோச் நானா?

செல்வம்: நீ வந்தால்தான்.

இரவு 8:05

நிலா: மாமா நான் எல்லாம் படித்தேன். அம்மா சில இடம் படித்துச் சொன்னாள்.

நிலா: எனக்கு ஸ்காலர்ஷிப் வேண்டாம். ஆட வேண்டும்.

நிலா: 2031 பெண்கள் வேர்ல்டு கப் இங்கேதான் வருமாம். எனக்கு 19.

செல்வம்: அதைத்தான் சொல்ல வந்தேன். அமெரிக்கா, மெக்ஸிகோ, கோஸ்டாரிகா, ஜமைக்கா நான்கும் சேர்ந்து கேட்ட போட்டி, வேறு யாரும் கேட்கவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 16 அணி, ஆண்கள் 12. பெண்கள் அதிகம்! 2022 ஒப்பந்தப்படி உலகக் கோப்பைப் பரிசுப் பணத்தையே அமெரிக்க ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டும் ஒன்றாகச் சேர்த்துப் பகிர்கின்றன. பெண்கள் ஆறு வருடம் நீதிமன்றம் வரை சண்டை போட்டு வாங்கியது.

கீதா: அத்தை மாம்பழ மஞ்சள் என்கிறார்கள்

மாலதி: சரி அதுவே.

பாபு: அப்பா பக்கத்தில் இருக்கிறார். எல்லாம் படித்துக் காட்டினேன். அவர் சொல்வதை டைப் செய்கிறேன்.

பாபு: ‘எந்த இடத்தில் ஆடுகிறாள்?’

நிலா: லெஃப்ட் பேக் தாத்தா

பாபு: ‘நல்ல இடம். பேக் உருப்படியாக இருந்தால்தான் கீப்பருக்கு நிம்மதி. ரயில்வே காலனி மைதானத்தில் எனக்கு முன்னால் நின்ற பேக்கால் எத்தனை கோல் தின்றிருக்கிறேன்.’

மாலதி: அப்பா கோல்கீப்பரா? எங்களிடம் சொன்னதே இல்லையே!

பாபு: ‘நீங்கள் கேட்கவில்லை.’

பாபு: ‘பணத்தைக் கட்டுங்கள். அவள் ஆடட்டும். ஆனால் 5ஆம் தேதி கலசத் தண்ணீர் என் தலையில் விழும்போது பேத்தி எதிரில் நிற்க வேண்டும்.’

ரவி: மாமா, இரண்டும் எப்படி?

பாபு: எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

இரவு 8:31

மாலதி: கோச்சுக்கு மெயில் போட்டுவிட்டேன். முதல் இரண்டு ஆட்டத்துக்கு மட்டும் விடுப்புக் கிடைக்குமா, 6ஆம் தேதி மதுரையிலிருந்து கிளம்பினால் கடைசி ஆட்டத்துக்காவது சேர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். தாத்தாவின் 80 என்றும் எழுதினேன்.

செல்வம்: முன்பணத்தில் பாதி என் கணக்கில்.

மாலதி: வேண்டாம் அண்ணா.

செல்வம்: அந்த இழுப்பறைக் கடிதத்துக்காக.

கார்த்திக்: அப்பா, ஹாரிசனில் காதம் பெண்கள் அணியின் ஆட்டத்துக்கு ஒரு நாள் போகலாமா? ரயில் இருக்கிறதா பார்க்கிறேன். ஆகஸ்டில் தொடங்கப் போகிறவர் பெண்கள் ஆட்டத்தை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

செல்வம்: போகலாம். நீ நாள் சொல்.

மாலதி: கோச் பதில் வந்துவிட்டது. திங்கள் காலை போனில் பேசலாம் என்கிறார். அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

பாபு: விமான நிலையத்துக்கு வண்டி சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து ஒன்றா, மூன்றா?

மாலதி: மூன்று என்றே சொல்லி வை.