தாத்தாவோட ரெட்டைக்குழல் துப்பாக்கி: வெச்சிக்கலாமா, வித்துடலாமா? (குடும்ப வாட்ஸ்அப் குழு)

ஞாயிறு

குடியாத்தம் தம்பி, காலை 7:40
எல்லாருக்கும் வணக்கம். பழைய துப்பாக்கி வாங்கி வெச்சா தங்கத்தவிட நல்லா ஏறும்னு ஒரு வீடியோ சுத்திக்கினு கீது. தாத்தாவோட ரெட்டைக்குழல் இன்னும் வாலாஜா வீட்டு பீரோவுலதான் இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல இங்கிலாந்து பர்மிங்காம்ல பண்ண துப்பாக்கி. விக்காம வெச்சிக்கினா விலை ஏறுமா சித்தப்பா?

ஆற்காடு சித்தப்பா, காலை 7:52
விலைய அப்புறம் பேசலாம் கண்ணு. தாத்தா போய் ஒரு மாசம் ஆவுது, அது இன்னும் பீரோவுல இருக்கறதே தப்பு. லைசென்ஸ் அவர் பேருக்கு மட்டும்தான். அவர் போனப்புறம் வீட்ல யாருக்கும் அதை வெச்சிருக்க உரிமை கிடையாது. ஆயுதச் சட்டம் 21வது பிரிவுப்படி தாமதிக்காம பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கி டீலர்கிட்டயோ ஒப்படைச்சுடணும்.

ஆற்காடு சித்தப்பா, காலை 7:54
லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 2 வருஷம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில். குடும்பச் சொத்துன்னு சொன்னா கேக்க மாட்டாங்க.

குடியாத்தம் தம்பி, காலை 7:55
ஐயோ. நாளைக்கே போறேன். ஸ்டேஷனா, டீலரா?

காட்பாடி மாமா, காலை 8:03
டீலர்கிட்டயே வைங்க மாப்ளே. வாடகை கேப்பாங்க, குடுத்துடலாம். ஸ்டேஷன்ல சீட்டு கட்டி சுவத்தோரமா சாத்தி வெச்சிடுவாங்க, எண்ணெய் போட ஆள் கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழைய ஒரு தடவை தாண்டினாலே குழல் உள்பக்கம் புள்ளி புள்ளியா துரு அரிச்சிடும். அந்த அரிப்பு விழுந்தா எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது.

ஆற்காடு சித்தப்பா, காலை 8:06
எடுத்துக்கினு போறதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்கும் டீலருக்கும் போன் பண்ணிச் சொல்லிடு. லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்று ரெண்டும் கையில இருக்கணும். தோட்டா இருந்தா எண்ணி அதையும் சேர்த்துக் குடு. ஒப்படைச்சதுக்கு நம்பர் போட்ட ரசீது வாங்காம வராதே.

டல்லாஸ் அண்ணன், காலை 8:15
தம்பி, அந்த வீடியோ அமெரிக்காவை வெச்சு பேசறது. இங்க நடக்கறது அங்க நடக்காது. இங்கயும் எல்லாத் துப்பாக்கியும் ஏறாது. கடையில புதுசா வாங்கற சாதாரண பிஸ்டல் பெட்டியைத் திறந்த அன்னிக்கே பழசு ஆயிடும். ஏறறது உற்பத்தி நின்னுபோனது, இல்ல சட்டத்தால எண்ணிக்கை உறைஞ்சுபோனது. கோல்ட்ங்கற கம்பெனியோட பைத்தான் ரிவால்வர் 1955ல வந்து 2005ல நின்னுச்சு, விலை எகிறிச்சு. 2020ல கம்பெனியே அதே பேர்ல புதுசு விட ஆரம்பிச்சுது. நின்னுபோச்சுன்னு நம்பி பணம் போடறவனுக்கு இப்படியும் ஆவலாம்.

டல்லாஸ் அண்ணன், காலை 8:19
இன்னொண்ணு தானியங்கி மெஷின்கன். 1986 மே 19க்கு முன்னாடி பதிவானதை மட்டும்தான் தனியாள் கைமாத்தலாம். புதுசா ஒண்ணுகூட சேராது, அதனாலதான் விலை ஏறிக்கினே போவுது. நாளைக்கு சட்டம் மாறினா அந்த விலை அப்படியே சரியும். அரசாங்கம் போட்ட பூட்டு மேல கட்டின விலை அது.

ஆம்பூர் அக்கா, காலை 8:24
அண்ணா, எங்க வீட்டுக்காரர் தம்பி அங்க எச்1பி விசாவுல (வேலைக்குத் தர்ற தற்காலிக விசா) இருக்கான். அவனும் ஒண்ணு வாங்கி வெக்கப்போறேன்னு சொல்றான்.

டல்லாஸ் அண்ணன், காலை 8:27
வேணாம்னு இன்னிக்கே சொல்லு அக்கா. எச்1பில இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கறது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குதான் உண்டு, வக்கீலைக் கேக்காம அதை நம்பி இறங்கக்கூடாது. கிரீன்கார்டு வந்தப்புறம் யோசிக்கலாம். இப்போ வாங்கினா விசாவே போயிடும்.

குடியாத்தம் தம்பி, காலை 8:33
சரி அண்ணா. அப்போ நம்ம ஊர்ல கதை எப்படி?

ஆற்காடு சித்தப்பா, காலை 8:45
நம்ம ஊர்ல விலையை முடிவு பண்றது துப்பாக்கி இல்ல, லைசென்ஸ். முதலீட்டுக்காகன்னு விண்ணப்பம் எழுதினா யாரும் லைசென்ஸ் தர மாட்டாங்க. தற்காப்பு, விளையாட்டு, பயிர்ப் பாதுகாப்பு, இந்த மாதிரி காரணம் வேணும். 2019 திருத்தத்துக்கு முன்னாடி ஒருத்தர் 3 வெச்சிக்கலாம், இப்போ 2தான். பரம்பரையா வந்ததும் அந்த 2ல அடக்கம். அப்புறம் எங்கேருந்து சேகரிக்கறது?

ஆற்காடு சித்தப்பா, காலை 8:49
விக்கறதும் நகைக்கடையில போய் வெச்சிட்டு வர்ற மாதிரி இல்ல. வாங்கறவனுக்கு லைசென்ஸ் இருக்கணும், அதுல இடம் காலியா இருக்கணும், நம்ம துப்பாக்கி ரகம் அதுல எழுதியிருக்கணும். தனியாளுக்கு விக்கறதா இருந்தா கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்துல தகவல் குடுத்து 45 நாள் காத்திருக்கணும். அவசரத்துக்குக் காசு வேணும்னா இது உதவாது. அந்த நேரத்துல டீலர் சொல்றதுதான் விலை.

காட்பாடி மாமா, காலை 8:58
விலை ஏறினது எதுன்னா பழைய வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி. பாயிண்ட் 32 (குழல் அளவு) வெப்லி ஸ்காட், வால்தர் கம்பெனி சரக்கு மாதிரி. 80களின் நடுவுல தனியாள் இறக்குமதியை நிறுத்தினதுதான் காரணம். வெப்லிங்கற பேரை மட்டும் பாத்து யாரும் ஏமாறாதீங்க. 2020ல இருந்து உத்தரப்பிரதேசம் சண்டிலாவுலயே அந்தப் பேர்ல ரிவால்வர் பண்றாங்க. அது புதுத் துப்பாக்கி, பழைய பர்மிங்காம் சரக்கோட விலை அதுக்குக் கிடையாது. 12 போர் (இதுவும் குழல் அளவுதான்) ரெட்டைக்குழலுக்கு அந்த கிராக்கி எப்பவும் இல்ல, எல்லாரும் இடுப்புல வெக்கறதைத்தான் தேடறாங்க.

குடியாத்தம் தம்பி, காலை 9:02
தாத்தாவோடது எந்த நிலைமைன்னு எப்படி மாமா பாக்கறது?

காட்பாடி மாமா, காலை 9:15
டீலர் கடையில வெச்சே பாருங்க, வீட்ல தொடாதீங்க. காலியான்னு ரெண்டு தடவை பாத்துட்டு முன்கட்டையை (குழலுக்கு அடியில இருக்கற மரக்கட்டை) கழட்டி, குழலை மறுபடி மாட்டி மூடி, பிடியைப் பிடிச்சு லேசா ஆட்டச் சொல்லுங்க. கடகடன்னு ஆடினா பூட்டு தேஞ்சிருக்கு, விலையில பாதி போச்சு.

அப்புறம் குழலைத் தனியா எடுத்து, குழல் அடியில இருக்கற கொக்கிப் பக்கமா ஒரு விரல்ல தொங்க விட்டு, விரல் கணுவால தட்டணும். கோயில் மணி மாதிரி நீளமா ஒலிச்சா ரெண்டு குழலையும் சேர்க்கற நடுப்பட்டையோட ஈயப்பத்து நல்லா இருக்கு. டொக்குனு அடங்கினா பட்டை விட்டுப்போயிருக்கு, உள்ள ஈரம் பூந்து துரு தின்னுகினு இருக்கும்.

காட்பாடி மாமா, காலை 9:21
குழலைத் திருப்பினா அடியில தட்டையான இடம் இருக்கும். முத்திரை எல்லாம் அங்கதான். நைட்ரோ ப்ரூஃப்னு (இப்போதைய புகையில்லா மருந்துக்குச் சோதிச்சது) இருக்கா பாருங்க. இல்லன்னா அது கரிமருந்துக்குப் பண்ணது, இப்போ வர்ற தோட்டாவைப் போட்டா குழல் பிளந்துடலாம். பழைய இங்கிலீஷ் துப்பாக்கி நெறைய 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குத்தான். 70 மில்லிமீட்டர் தோட்டாவும் உள்ள போயிடும், அதுதான் ஆபத்தே. சுடும்போது அதோட மடிப்பு வாய் விரிய இடம் இல்லாம அழுத்தம் எகிறும். குழல், முன்கட்டை, பிடி மூணுலயும் ஒரே நம்பர் இருக்கான்னும் பாத்துக்கோங்க. மாறியிருந்தா வேற துப்பாக்கி பாகத்தைச் சேர்த்திருக்காங்க.

ஆம்பூர் அக்கா, காலை 9:26
குழல் மேல இருக்கற கருப்பு மெருகு வெளுத்துப் போயிருக்கே மாமா, சாணை பிடிச்சுப் புது கருப்பு ஏத்தினா நல்ல விலை வராதா?

டல்லாஸ் அண்ணன், காலை 9:30
அதைத்தான் பண்ணவே கூடாது அக்கா. ஊர் எதுவா இருந்தாலும் சேகரிக்கறவன் முதல்ல பாக்கறது பழைய மெருகு எவ்வளவு மிச்சம்னுதான். சாணை பிடிச்சா எழுத்து முனை மழுங்கும், ஸ்க்ரூ தலை தேயும், தெரிஞ்சவன் ஒரே பார்வையில கண்டுபிடிப்பான். வெளுத்ததே பரவாயில்ல.

காட்பாடி மாமா, காலை 9:38
இன்னொரு விஷயம், நம்ம பக்கத்துக்காரங்க எல்லாரும் பண்றது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு தோல் ஊர்ல பொறந்ததால அழகா தோல் உறை தெச்சு உள்ள வெச்சிடறோம். பதனிடற உப்பும் அமிலமும் தோல்ல மிச்சம் இருக்கும், காத்துல இருக்கற ஈரத்தையும் அது இழுக்கும். உறை தொடற இடமெல்லாம் துரு கோடு விழும். தாத்தா உறையில இருந்து நாளைக்கு டீலர்கிட்டயே எடுக்கச் சொல்லிடுங்க. மெல்லிசா துப்பாக்கி எண்ணெய் தடவி, வாய் கீழ் நோக்கி நிறுத்தினா எண்ணெய் கட்டைக்குள்ள இறங்காது. இறங்கினா பிடி ஊறி மெத்துன்னு ஆவும். தேங்காய் எண்ணெய் வேணவே வேணாம், பிசினாட்டம் கட்டிக்கும்.

ஆம்பூர் அக்கா, காலை 9:44
எங்க மாமனாருக்கு 74 வயசு, அவர்கிட்டயும் ஒண்ணு இருக்கு. நாங்களும் இப்படி அலையணுமா சித்தப்பா?

ஆற்காடு சித்தப்பா, காலை 9:55
வேணாம்மா. 2016 ஆயுத விதி 25ன்படி லைசென்ஸ்காரருக்கு 70 வயசு ஆனாலோ, 25 வருஷம் வெச்சிருந்தாலோ, உயிரோட இருக்கும்போதே வாரிசுக்கு மாத்திக்கலாம். உங்க வீட்டுக்காரர் ஏ-1 படிவத்துல விண்ணப்பிக்கட்டும். மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணும். மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, பத்திரமா வெக்கற இடத்துக்கு உறுதிமொழி எல்லாம் கேப்பாங்க. மாமனார் லைசென்ஸ்ல யூஐஎன் நம்பர் (லைசென்ஸ்காரருக்குத் தர்ற தனி அடையாள எண்) ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லன்னா அந்த லைசென்ஸே செல்லாது.

ஆற்காடு சித்தப்பா, காலை 9:58
தம்பி, உனக்கும் அதே விதிதான், கூட வாரிசுச் சான்று வேணும். தாத்தா லைசென்ஸ் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல வாங்கினது, ஆனா 2019ல மாவட்டம் பிரிஞ்சு வாலாஜா ராணிப்பேட்டைக்குப் போயிடுச்சு. ஃபைல் எங்க இருக்குன்னு ரெண்டு ஆபீஸ்லயும் விசாரிச்சுட்டு மனு குடு. ஒப்படைச்ச துப்பாக்கியை கெடுவுக்குள்ள மாத்தாம விட்டா அரசாங்கத்துக்குப் போயிடும்.

குடியாத்தம் தம்பி, காலை 10:04
சரி சித்தப்பா. முதலீடுன்னு நினைக்கல, தாத்தா ஞாபகமா என் பேர்ல மாத்திக்கறேன். அப்பாவும் பெரியப்பாவும் ஆட்சேபணை இல்லன்னு எழுதித் தர்றேன்னுட்டாங்க.

காட்பாடி மாமா, காலை 10:07
நல்லது மாப்ளே. நாளைக்கு டீலர் கடையில அடிப்பக்க முத்திரையைக் கிட்டத்துல போட்டோ எடுத்து இங்க போடுங்க. எந்தத் தோட்டான்னு பாத்துச் சொல்றேன்.