மண்குதிரைக் காலுக்குள் கம்பி: இது யார் கொடுத்த யோசனை?

புரவிப்பித்தன்:
"ஊர் முகப்பில் வைக்கும் அய்யனார் குதிரைக்கு, மண் ஏற்றும்போதே காலுக்குள் 8 மி.மீ. கம்பி நிறுத்திவிட்டால் நூறு வருஷம் அசையாது" என்று போன இழையில் கட்டடக்காரன் எழுதியிருக்கிறார். அதற்கு நாலு பேர் கைதட்டல் வேறு. சூளைப் பக்கமே போகாதவர் பேச்சு இது. ஆறடிக் குதிரைக்குக் கால் 90 செ.மீ. வரும். காய்ந்து, சுட்டு எடுப்பதற்குள் அந்த மண் 7 செ.மீ. வரை சுருங்கும். கம்பியோ சூளைச் சூட்டில் ஒரு செ.மீ. நீளும். கால் வெடிக்காமல் என்ன செய்யும்?

கட்டடக்காரன்:
ஐயா, கோயில் திடலில் நிற்கிற குதிரையை யாரும் தொடமாட்டார்கள். முகப்பில் லாரி ஓடும், பிள்ளைகள் ஏறி உட்காரும். டிராக்டரிலிருந்து இறக்கும்போதே கணுக்காலில் முறிகிறது. கம்பி இல்லாமல் வழி சொல்லுங்கள் பார்ப்போம். சுட்ட பிறகு வைத்தாலும் கம்பி கம்பிதான். காலுக்குள் சிமெண்ட் பால் ஊற்றினால் வேலை முடிந்தது.

புரவிப்பித்தன்:
அன்றைக்கு 'மண் ஏற்றும்போதே', இன்றைக்கு 'சுட்ட பிறகு'. நாளைக்கு என்ன?
சுட்டமண் தண்ணீர் குடிக்கும். மண்ணில் சேர்த்த உமி எரிந்த இடமெல்லாம் நுண்துளை. மழைநீர் கம்பிக்குப் போய்த் துரு ஏறினால், துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். கால் நெடுக்குவாட்டில் பிளக்கும். சிமெண்டிலிருக்கும் உப்பு வெள்ளையாகப் பூத்து மேல்தோலை உரிக்கும்.
கணுக்கால் முறிவது கம்பி இல்லாததால் அல்ல, அவசரத்தால். வளையம் வளையமாகக் காலை ஏற்றும்போது ஒவ்வொரு விளிம்பையும் கீறி, மண்குழம்பு தடவித்தான் அடுத்ததை ஒட்ட வேண்டும். கால் பாதி இறுகிய பிறகுதான் வயிறு. ஈரக்காலில் வயிற்றை ஏற்றினால் கணு பிதுங்கும். அடியில் சாம்பலோ மணலோ தூவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருங்கும்போது பாதம் தரையைப் பிடித்துக்கொள்ளும், தொடைச் சந்தில் விரிசல் விழும். சூளையிலும் முதல் தீ வெறும் மூட்டம்தான். ஈரம் ஆவியாகிப் போகுமுன் எரியவிட்டால் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

கரைவழி:
ஊரை யாரும் பேசக் காணோமே. குதிரை செய்யச் சொல்லிக் குயவரான வேளாரிடம் ஒரு பிடி மண், அதாவது பிடிமண் கொடுத்து, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு, குதிரையைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் புரவி எடுப்பு அன்று தோளில் தூக்கிப் போனால்தான் அது ஊர்க் குதிரை. முகப்புக்கு ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து இறக்குவது எந்தக் கணக்கு? அதற்கு எனாமல் வேறு. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் எனாமலைத் தள்ளிக்கொண்டு உரியும். சுண்ணாம்பும் காவியும் அடியுங்கள்.

கட்டடக்காரன்:
எனாமலுக்குத் தனி இழை தொடங்குங்கள். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை, மாசிமகத்துக்கு அத்தனை காகிதப்பூ மாலையையும் தாங்கிக்கொண்டு நிற்கவில்லையா? பெரிய குதிரை நிற்க வேண்டுமென்றால் உறுதி வேண்டும்.

புரவிப்பித்தன்:
அது சுட்டமண் குதிரையே இல்லை! எதை எதோடு ஒப்பிடுகிறார் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து இழையிலும் இதே கதைதான். அடிப்படை தெரியாது, குரல் மட்டும் பெரிது.

உமிச்சாம்பல்:
துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைப் பீடத்துக் கான்கிரீட்டில் ஊன்றி, சுட்ட குதிரையை அதன்மேல் இறக்கலாம். கம்பி காலைத் தொடாமல் சுற்றிலும் காய்ந்த மணல் நிரப்பினால் போதும், சிமெண்ட் வேண்டாம்.

புரவிப்பித்தன்:
தம்பி, பாதத்தில் வடிதுளை விடாவிட்டால் அந்த மணல் மழைக்காலம் முழுக்க ஊறிக் கிடக்கும். துளை விட்டால் மணலே வடிந்துவிடும். எந்தக் கம்பியும் வேண்டாம் என்கிறேன். பழைய புரவியைக் கோயிலில் யாராவது கம்பி கட்டி நிறுத்துகிறார்களா? அது மண்ணோடு போகும். ஊர் மறுபடி பிடிமண் கொடுக்கும், வேளார் மறுபடி மிதிப்பார்.

கட்டடக்காரன்:
சுண்ணாம்புச் சாந்து இழையில் நான் சொன்ன கலவை விகிதத்துக்கு உங்களிடமிருந்து இன்றுவரை மறுப்பு வரவில்லை, ஞாபகம் இருக்கட்டும். வருஷா வருஷம் புதுக் குதிரைக்கு எந்த ஊராட்சி பணம் ஒதுக்கும்?

கரைவழி:
ஊராட்சி எதற்கு? வரி கொடுப்பது தலைக்கட்டுதானே.

புரவிப்பித்தன்:
பணப் பேச்சு பிறகு. மண் ஏற்றும்போதே கம்பி வைத்துச் சூளையிலிருந்து முழுசாக வெளிவந்த ஒரே ஒரு காலின் படத்தைப் போடச் சொல்லுங்கள்.

கட்டடக்காரன்:
லாரி அதிர்வுக்கு முதலில் பதில் வரட்டும்.