விழுந்தவர் கையைப் பிடித்து நீதிமொழிகள் 16:18

கடைக்குட்டி:
மாமா ஜவுளிக்கடையை மூடிய கதை ஊருக்கே தெரியும், அதை விடுங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து படிக்கட்டில் நிற்கிறோம். சபை நிர்வாகம் பார்க்கும் சேகரக் கமிட்டி அண்ணாச்சி ஒருவர் வந்து மாமா கையைப் பிடித்துக்கொண்டு, "அழிவுக்கு முன்னானது அகந்தை, தெரியும்லா?" என்றார். சரி, சொல்லிவிட்டுப் போவார் என்று பார்த்தால் கையை விடவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டு, ஓய்வுநாள் பள்ளிப் பையன் வசனம் ஒப்பிப்பது போல, "விழுதலுக்கு முன்னானது மனமேட்டிமை" என்று மீதியைச் சொன்ன பிறகுதான் விட்டார். மாமாவுக்கு வயது அறுபதுக்கு மேல்.

பின்வரிசை பெஞ்ச்:
அண்ணாச்சி சொன்ன இடம்தான் தப்பு, வசனம் என்ன செய்யும்? பைபிளில் யூதாவை ஆண்ட உசியா ராஜாவைப் பாருங்கள். கிணறு வெட்டினான், கோபுரம் கட்டினான், பயிர் பச்சை என்றால் உயிர். பலத்துப்போன பிறகு, ஆசாரியர் மட்டுமே செய்யவேண்டிய தூபங்காட்டலைத் தானே செய்ய ஆலயத்துக்குள்ளேயே நுழைந்தான். ஆசாரியன் அசரியாவும் இன்னும் 80 ஆசாரியர்களும் பின்னாலேயே போய்த் தடுத்தார்கள், கோபத்தில் கத்தியவன் நெற்றியில் குஷ்டம் வந்தது. எங்கள் சபையில் கட்டட நிதிக்குப் பெரிய தொகை கொடுத்த ஒருவர், திருவிருந்து நேரத்தில் ஆல்டரில் ஏறி, ஆராதனை நடத்தும் போதகர் ஐயரையே "நகருங்க" என்றார். தடுக்க ஒரு ஆள் இல்லை, எல்லாரும் பாட்டுப்புத்தகத்தைப் புரட்டினார்கள். அவர் நெற்றியில் இன்றுவரை ஒரு கொப்புளம்கூட இல்லை.

தூத்துக்குடி மச்சான்:
என் கதை சின்னது. வேலை போன அன்று எனக்கும் இதே வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், ரோஜாப்பூ படம் போட்டு. கடைக்குட்டி, மாமாவை தானியேல் 4 வாசிக்கச் சொல்லுங்கள். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் கனவுக்கு, அதாவது அவன் விழப்போகிறான் என்ற கனவுக்கு, அர்த்தம் தெரிந்ததும் தானியேல் ஒரு நாழிகை கலங்கிப்போய் நிற்கிறான், இது உம்முடைய பகைவருக்குப் பலிக்கட்டும் என்கிறான். அதுவும் ராஜா சிங்காசனத்தில் இருக்கும்போதே, ஏழைகளுக்கு இரங்கும் என்று புத்தியும் சொல்கிறான். 12 மாதம் கழித்துத்தான் ராஜா அரண்மனை மேல் உலாவிக்கொண்டு, இது நான் கட்டின மகா பாபிலோன் அல்லவா என்கிறான், உடனே கனவில் கண்டபடியே புத்தி மாறி மாடுபோலப் புல்லைத் தின்கிறான். அப்புறம் புத்தி தெளிந்து ராஜ்யமும் திரும்பக் கிடைக்கிறது, இதை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. உங்கள் அண்ணாச்சி கடை ஓடும்போது எங்கே போயிருந்தாராம்? இன்னொன்று, மாமா ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்தாரா? கடையை மூடினாலும் பதிவு இருந்தால் ரிட்டர்ன் போட வேண்டும், இல்லாவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும். ரத்தான பிறகும் 3 மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் உண்டு. நல்ல ஆடிட்டராகப் பாருங்கள், சொந்தக்காரர் வேண்டாம்.

சும்மா வந்தவள்:
பின்வரிசை, கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள் போல. சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே என்று 24:17ம் அதே நீதிமொழிகளில்தான் இருக்கிறது. எங்கள் தெரு கவுன்சிலர், ஆணவம் பிடித்த மனுஷன்தான், தோற்ற ராத்திரி அவர் வாசலிலேயே சரவெடி போட்டார்கள். பாதிப்பேர் காலையில் ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர் வீட்டம்மா விளக்குமாற்றோடு வந்து, "பேப்பரைக் கூட்டிட்டுப் போங்க" என்று நீட்டினார். கமிட்டிச் செயலாளர்தான் வாங்கிக் கூட்டினார்.